அத யாரு துவைக்கிறது?

வாடா ராசா. கையில என்ன, கலர் கலரா காகிதம் சுத்துன பொட்டி? எனக்கா? எனக்கு இல்லேன்னு தெரியும். எனக்கு வாங்குனா மஞ்சப்பையில வரும், அதுவும் வாழப்பழத்தோட நின்னுரும்.

ஓ, சேக்காளிக்குப் புள்ள பொறந்துருக்கா. தலைச்சன், பொட்டப்புள்ள. பெத்தவ திருமங்கலத்துல தாய் வீட்டுல இருக்காளா, சரி. நல்ல காரியம், போயிப் பாக்க வேண்டியதுதான். வாங்குறதுக்கு முன்னாடி கெழவிகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சு பாரு, அங்க நீ ஒங்க அப்பன். எல்லாத்தையும் வாங்கி முடிச்சுட்டு வந்து கேக்குற பாரு, அங்க நீ ஒங்க தாத்தன்.

பிரி, பாப்போம். பயப்படாத, கண்ணுபட்டுறாது. என் கண்ணுல பொறை விழுந்து வருசமாச்சு.

கரடியா! அடேங்கப்பா. பொறந்த புள்ள மூணு கிலோ இருக்குமா? இது அதத் தூக்கித் தோள்ல வச்சுக்கும் போலருக்கே. ரெண்டையும் ஒரே பாயில போட்டா, பாக்க வர்றவுக எதக் கொஞ்சுறதுன்னு தெரியாம முழிக்கணும். எம்புட்டு? ஆயிரத்தி எரநூறா? சரி சரி, நெஞ்சப் புடிச்சுக்கிட்டேன், மேல சொல்லு.

ஒன் அத்த மக நர்சா இருக்காளே, நீ வேணாம்னு சொல்லிட்டு சென்னைக்கு ஓடுனியே, அவதான். அவ சொல்லுவா, பொறந்த புள்ளைக்கு ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒண்ணேகால் சாண் தூரத்துக்கு மேல கண்ணு தெளிவாத் தெரியாதாம். பால் குடிக்கிறப்ப ஆத்தா மூஞ்சி இருக்குமே, அம்புட்டுத் தூரந்தான். ஆக, மூலையில ஒக்காந்துருக்குற ஒன் கரடிய அது பாக்கப்போறதே இல்ல. பக்கத்துல வச்சாலாவது? வைக்கக் கூடாதாம். பொசுபொசுன்னு இருக்குற பொம்ம, தலகாணி, கனமான போர்வ எதையும் பச்சப்புள்ள படுக்கையில போடாதீகன்னு டாக்டருமாரு தலப்பாடா அடிச்சுக்கிறாக. மூக்கு மேல சாஞ்சா தள்ளிவிட அதுக்குத் தெம்பு ஏது? பெறகு கரடி எங்க போகும்? பீரோ மேல. பாலிதீன் கவரு பிரிக்காம. அங்க ஏற்கெனவே ரெண்டு கரடி ஒக்காந்து ஒன்னோடதுக்காக எடம் போட்டு வச்சிருக்கும்.

நம்மூரு தமிழ் வாத்தியாரு திண்ணையில ஒக்காந்து பிள்ளைத்தமிழப் பத்தி எடுத்து விடுவாரு. எனக்குப் பாட்டு வெளங்காது, கத வெளங்கும். மீனாட்சிக்குக் குமரகுருபரரு பிள்ளைத்தமிழ் பாடுனாரு, திருமலை நாயக்கர் காலத்துல. பத்துப் பருவம். மொதப் பருவம் என்ன தெரியுமா? காப்பு. புள்ளயக் காப்பாத்துங்கன்னு ஒவ்வொரு சாமியாக் கூப்புட்டு வேண்டிக்கிறது. பெறகுதான் தவழுறது, தாலாட்டு, கைகொட்டுறது, முத்தம், வா வான்னு கூப்புடுறது, நெலாவக் கூப்புடுறது. அம்மானை எட்டாவது, ஊஞ்சல் பத்தாவது. ஆம்பளப் புள்ளைக்குன்னா ஒம்பதாவதா சின்னப் பறை, பத்தாவதாத்தான் சின்னத் தேரு. மதுர மீனாட்சிக்கே வெளையாட்டுச் சாமான் கடைசியிலதான்டா வந்துருக்கு. ஒனக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே வந்துருச்சு.

அடுத்தது என்ன, சட்டையா? வலத்துணி. பின்னாடி ஜிப்பு. கழுத்தச் சுத்தி முத்து, இடுப்புல ரோசாப்பூ. அந்த முத்து ஒண்ண இழு. பாத்தியா, கையோட வந்துருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வாயோட போகும். பின்னாடி ஜிப்பு வச்சுத் தச்சவனக் கூப்புட்டு, அவன் ஒருநா அந்த ஜிப்பு மேல மல்லாக்கப் படுத்துப் பாக்கணும். பொறந்த புள்ள பொழுதன்னைக்கும் மல்லாந்துதான கெடக்கு!

அளவு என்ன போட்டுருக்கு? பூச்சியத்துல இருந்து மூணு மாசமா. வெளங்குச்சு. நல்லாப் பால் குடிக்கிற புள்ள அஞ்சு மாசத்துல பொறந்த எடைக்கு ரெட்டிப்பாகும், வருசத்துல மூணு மடங்காகும். போறவன் வர்றவன் அம்புட்டுப் பேரும் இந்த மூணு மாச அளவத்தான் வாங்கிட்டுப் போவாய்ங்க, ஏன்னா கடையில அதுதான் குட்டியா அழகா தொங்கும். ஒருதடவ போட்டுப் போட்டோ புடிச்சு ஒனக்கு அனுப்புவாக. ரெண்டாந்தடவ போடுறதுக்குள்ள கை நொழையாது. சட்ட வாங்கணும்னு ஆசையா இருந்தா ஒரு வயசு அளவுல வாங்கு. முத்து வேணாம், பூ வேணாம், லொட்டு லொசுக்கு ஒண்ணும் வேணாம். நூல் துணியா, முன்னாடி முடிச்சுப் போடுற ஜபலா இருந்தா, கழுத்து நிக்காத புள்ளைக்குத் தலவழியா மாட்ட வேண்டிய பாடு இல்ல.

இன்னொண்ணு கேட்டுக்க. நம்ம பக்கத்துல பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஒடனே போட மாட்டாக. வயசான, நெறஞ்சு வாழ்ந்த மனுசரு சேலையவோ வேட்டியவோ கிழிச்சுத்தான் மொதல்ல சுத்துவாக. ஆயுசு கெட்டின்னு நாங்க காரணம் சொல்லிக்குவோம். நெசமான காரணம் கஞ்சி மொடமொடப்பு. நூறுதடவ துவைச்ச துணி மெத்துனு இருக்கும், ஒறுத்தாது. புதுசு வாங்கிக் குடுத்தாலும் ஒருதடவ அலசிக் காயவச்சு மடிச்சுக் குடு. கடை மடிப்பு கலஞ்சு போகுமேன்னு ரோசன பண்ணாத. கடை மடிப்பப் பாத்து மெச்சுறதுக்கு அங்க ஆளு முழிச்சிருக்காது, எல்லாம் தூக்கத்துக்கு ஏங்கிக் கெடக்கும்.

மூணாவது பொட்டி. ஆமா, இது எனக்குத் தெரியும். கண்ணாடி மூடி போட்ட பெரிய டப்பா, உள்ள பவுடரு, எண்ண, சோப்பு, என்னமோ களிம்பு, நடுவுல ஒரு சின்ன வாத்து. டப்பாவுல பாதி காத்து, மீதி அட்ட. தேதி பாத்தியா? பாரு. இந்த டப்பாவுக்குன்னு ஒரு சாதகம் இருக்கு. ஒரு வீட்டுக்கு இதுல நாலு வரும். ஒண்ணப் பிரிப்பாக, மூண மேல ஏத்துவாக. அடுத்த வீட்டுல புள்ள பொறந்தா மேல இருக்குறது எறங்கும், காகிதம் மாறும், கெளம்பும். போன வருசம் நம்ம தெருவுல ஒரு டப்பா சுத்துச்சு. வடக்குத் தெரு புள்ளைக்குப் போயி, கெழக்குத் தெரு புள்ளைக்குப் போயி, கடைசியில மொதல்ல குடுத்தவ வீட்டுக்கே மகளுக்குன்னு வந்து சேந்துச்சு. வாத்து மட்டும் நெறம் மங்கிப்போச்சு. அவ என்ன செய்வா பாவம், நல்லாருக்கேன்னு வாங்கி வச்சுக்கிட்டா.

பவுடரு அடிக்காதீகன்னு இப்பச் சொல்லுறாக, தூசி மூச்சுல ஏறி நெஞ்சுக்குள்ள எறங்கிருமாம். கடை மையும் வேணாங்கிறாக, சிலதுல ஈயம் கெடக்காம். நாங்க கன்னத்துல இட்டு வளத்தோமேன்னு நான் வாய் தொறந்தா, ஒன் அத்த மக என் வாயிலயே ஊசி போட்டுருவா. தேனு கொண்டு போயி நாக்குல தடவுறேன்னு கெளம்பிறாத. ஒரு வயசு முடியுறவரைக்கும் தேனு ஆகாது, அதுல இருக்குற ஒரு கிருமி சின்னக் கொடலுக்கு வெசமாகும். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவுர எதுவும் வேணாம், தண்ணி கூட. ஆக, சேன வைக்கிற அத்தமாருக்கு எல்லாம் இப்ப சோலி இல்லாமப் போச்சு. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். நான் சேன வச்ச புள்ளைக எல்லாம் வாய்க்காரப் புள்ளைகளா வந்துருக்கு. ஒன்னயும் சேத்துத்தான்.

இப்ப கேளு. நான் பேறு பாத்த வீட்டுக்குப் போறப்ப ஒரே ஒரு கேள்விதான் மனசுல வச்சுக்குவேன். அத யாரு துவைக்கிறது? கொண்டு போற சாமானத்த அந்த வீட்டுல ஒருத்தரு துவைக்கணும், தொடைக்கணும், தூக்கி எடம் மாத்தணும், இல்ல வந்தவுகளுக்கு எடுத்துக் காட்டணும்னா, நீ சீரு கொண்டு போகல, சோலி கொண்டு போற. பெத்தவ ஒரு நாளைக்கு எட்டுத்தடவ, பன்னெண்டு தடவ பால் குடுக்குறா. ராத்திரின்னு இல்ல, பகல்னு இல்ல. நடுவுல கெடைக்கிற ரெண்டு மணிநேரத்துல ஏப்பம் எடுத்து, ஈரம் மாத்தி, தான் ஒண்ணுக்குப் போயி, தையல் இழுக்குற இழுவையில திரும்பிப் படுக்கணும். அந்த நேரத்துல காலிங்பெல்ல அடிச்சு நீ கரடிய நீட்டுவ. அவ சிரிக்கணும். அதையும் போட்டோ புடிப்ப.

புள்ளைக்கு என்னடா வேணும்? பாலு, கதகதப்பு, காஞ்ச துணி. மூணுல ரெண்டு ஆத்தாகிட்ட இருக்கு, ஒன்னால வாங்க முடியாது. மிச்சம் அந்தக் காஞ்ச துணிதான். அங்கதான் ஒன் காசுக்கு வேல.

பொறந்த மொத ரெண்டு நாளு காட்டுப்பீ கருப்பாப் போகும், பெறகு மஞ்சளாகும். ஒருவாரம் ஆச்சுன்னா ஒரு நாளைக்கு ஆறுதடவைக்குக் கொறையாம ஒண்ணுக்குப் போகணும், போனாத்தான் பால் பத்துதுன்னு அர்த்தம். இதெல்லாம் தெரியணும்னா துணி வெள்ளையா இருக்கணும். பூப்போட்ட துணியில பீயும் பூவாத்தான் தெரியும். அதனால, நல்ல மெல்லிசு நாலு முழ வேட்டி அஞ்சாறு வாங்கு. புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிட்டாக பாரு தையக்காரவுக, அவுககிட்டக் குடுத்துத் துண்டாக் கிழிச்சு ஓரம் அடிச்சு வாங்கு. ஒரு கட்டு அரைத்துணி. அலசிக் காயவச்சு, வெயில் வாசத்தோட கொண்டு போ. அத வாங்குறப்ப அந்தப் புள்ளையோட ஆத்தா மூஞ்சியப் பாரு. கரடிக்கு அந்தச் சிரிப்பு வராது.

டயபரு கெட்டதுன்னு நான் சொல்லல. ஊசி போடப் போறப்ப, ராத்திரிக்கு, கார்ல திரும்பறப்ப நல்லதுதான். ஐப்பசி அடமழையில கொடியில தொங்குற துணிய நானே பாத்துருக்கேன், மூணு நாளானாலும் காயாது. ஆனா அதுலயும் குட்டி அளவு வாங்காத. ஒரு அளவு பெருசா வாங்கு. இன்னைக்கு எல்லாரும் கொண்டு வருவாக. ரெண்டு மாசம் கழிச்சு ஒருத்தனும் கொண்டு வரமாட்டான்.

சரி, புள்ள கத முடிஞ்சுது. அந்தப் பொம்பளைக்கு என்ன கொண்டு போற? முழிக்கிற. அதான். புள்ள வெளிய வந்ததுமே ஆத்தாள எல்லாரும் மறந்துருவீக. நேத்து வரைக்கும் வளையல் போட்டு, ஏழுவகச் சோறு ஆக்கிப் போட்டு, நடந்தா கை தாங்குன சனம், இன்னைக்கு அவளத் தாண்டிப் போயித் தொட்டில எட்டிப் பாக்கும்.

அவளுக்கு முன்னாடி ஜிப்பு வச்ச நைட்டி வாங்கு, நூல் துணியில, கருநெறமா, கொஞ்சம் தொளதொளன்னு. பாலு ஒழுகுன கறை தெரியக் கூடாது, அவசரத்துக்கு ஒத்தக் கையில தொறக்க வரணும். சேல கட்டுற புள்ளையா இருந்தா சுங்குடி. சின்னாளப்பட்டி, மதுரன்னு சொல்லிக்கலாம். மதுரச் சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாக. ரெண்டு வருசம் கட்டிட்டு அதையே தூளியாக் கட்டலாம், தூளிக்கு அத விடச் சுகமான துணி நான் பாக்கல. ஆக நீ ஒண்ணு வாங்குனா ரெண்டு புள்ளைக்கு ஆச்சு. இது ஒன் கஞ்சத்தனத்துக்கு ஒத்துவருமேன்னுதான் சொல்லுறேன்.

சிரிக்காதடா, இத எழுதிக்க: பெரிய அளவு பேடு. ஆமா, அதான். பிரசவம் ஆனவளுக்கு ஆறு வாரம் வரைக்கும் கூடப் படும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மூணாம் நாளு தீந்துபோயி, ராத்திரி பத்து மணிக்கு ஒன் சேக்காளி மெடிக்கலத் தேடி ஓடுவான். மருந்துக்கடைக்காரன் அத என்னமோ திருட்டு நகையக் கைமாத்துற மாதிரி பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக் குடுப்பான். நீ வெக்கப்படாம நாலு பாக்கெட்டு வாங்கு. நீட்ட வெக்கமா இருந்தா நைட்டிக்கு அடியில வச்சுக் குடு. அவ பாத்துக்குவா.

பெறகு ஒரு நல்ல பிளாஸ்க்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் குடுக்குறப்ப தொண்ட காஞ்சு போகும், அடுப்படிக்கு எந்திரிச்சுப் போக முடியாது. எங்க காலத்துல பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுக்காம வறட்டுவாளுக, வயிறு போட்டுரும்னு. அது தப்பு, தாகத்துக்குக் குடிக்க விடணும்னு ஒன் அத்த மக சொல்லுறா. ஒரு மங்குன வெளக்கு, முழு லைட்டப் போட்டுப் புள்ளய எழுப்பாம இருக்க. அப்புறம் நீளமா ஒரு சார்ஜர் ஒயரு. என்னடா பாக்குற? எனக்குச் சார்ஜரு தெரியாதுன்னு நெனச்சியா? பால் குடுத்துக்கிட்டே போன நோண்டாத பொம்பள இந்த ஊர்ல இருக்காளா? பிளக்கு எட்டாத எடத்துல இருக்கும், புள்ள மடியில இருக்கும், போன்ல ரெண்டு சதவீதம் இருக்கும். அந்தக் கொடும ஒனக்கு வெளங்கும், ஒனக்குத்தான் நல்லா வெளங்கும்.

இந்த விசயத்துல கெவருமெண்டு ஒன்ன விடக் கெட்டிக்காரத்தனமா ரோசன பண்ணிருக்கு. 2015ல அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்னு ஆரம்பிச்சாக, கெவருமெண்டு ஆஸ்பத்திரியில பெத்தவுகளுக்கு. ஆயிரம் ரூவா மதிப்புல 16 சாமான். துண்டு, சட்ட, சின்ன மெத்த, கொசுவல, எண்ண, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்ப எல்லாம் இருந்துச்சு. நான் பாத்து மெச்சுனது வேற. ஆத்தாளுக்குன்னு தனியா ஒரு சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம், கை கழுவ ஒரு மருந்து. பெத்தவளும் ஒரு ஆளுன்னு அந்தப் பொட்டியக் கட்டுனவுகளுக்கு ஞாபகம் இருந்துருக்கு. நீயும் அதுல இருந்து ஒண்ணக் கத்துக்கலாம்: நகவெட்டி. பச்சப்புள்ள நகம் ரம்பம், மூஞ்சியெல்லாம் கீறிக்கும். இருவது வகச் சட்ட வந்த வீட்டுல கூட நகவெட்டி வந்துருக்காது.

பால்புட்டி வாங்கிறாத. இந்தியாவுல 1992ல சட்டமே வந்துருச்சு, பால்புட்டியவும் பால் பவுடரையும் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு. அத நீ போயி ரிப்பன் கட்டிக் குடுக்குறியா? டாக்டரு எழுதிக் குடுத்தா அது வேற, அவுக வாங்கிக்குவாக. எடுத்த பாலப் புகட்டணும்னா பாலாடை இருக்கு. ஆஸ்பத்திரியில எடை கொறஞ்ச புள்ளைகளுக்கு இன்னைக்கும் அதுலதான் புகட்டுறாக. வெள்ளிச் சங்கு குடுத்தா பேரு கெடைக்கும், எவர்சில்வரு பாலாடைன்னா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கலாம். பேரா, வசதியா, நீயே முடிவு பண்ணு. சக்கரம் வச்ச வாக்கரும் வேணாம், கனடாவுல 2004லயே விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாக, படியில உருண்டு மண்ட ஒடையுதுன்னு. நம்ம மர நடைவண்டி வேற. அது புள்ள நிக்கக் கத்துக்கிட்ட பெறகு தள்ளிக்கிட்டுப் போறது. அதுக்கு இன்னும் வருசம் கெடக்கு.

தங்கமா? மோதிரமா? டேய், நீ தாய்மாமனா? அந்தச் சோலிய அவன் பாத்துக்குவான், ஏற்கெனவே பாவம் வட்டிக்கடைப் பக்கம் நடந்துக்கிட்டு இருப்பான். அவன் அரக்கிராம் கொண்டு வர்ற எடத்துல நீ ஒரு கிராம நீட்டி அவன் மானத்த வாங்காத. காசாக் குடுக்கணும்னா கவர்ல வச்சுக் குடு. பொட்டப்புள்ளையாப் போச்சு, தபாலாபீசுல செல்வமகள் கணக்கு இருக்கு, 2015ல இருந்து. வருசத்துக்கு 250 ரூவா கட்டுனாலே கணக்கு உசுரோட இருக்கும். கணக்க ஆத்தா அப்பந்தான் தொறக்க முடியும், மொதத் தவணைய நான் கட்டுறேன்னு நீ சொல்லு. ஆயிரத்தி எரநூறுக்குக் கரடி வாங்குன கைக்கு இது பெருசில்ல.

இப்ப வர்றேன் பெரிய விசயத்துக்கு. பத்தியச் சோறு.

கருவாட்டுக் கடையில பால்சுறா வாங்கு, புட்டு அவிக்கிற மாதிரி நல்லதா. ஆனா மொதல்ல ஒரு போனப் போட்டுக் கேளு, சைவ வீடா இருந்து நீ சுறாவோட போயி நின்னா, அந்த மாமியா என்னயத்தான் ஏசுவா. லேகியம் கொண்டு போறதா இருந்தாலும் கேளு. சக்கர வியாதி இருந்தா அம்புட்டு வெல்லமும் ஆகாது. இதெல்லாம் விட ஒசத்தி ஒண்ணு சொல்லுறேன். பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு, பூம்பாற, மன்னவனூர்ப் பக்கம் வெளையுறது. 2019ல அதுக்கும் புவிசார் குறியீடு குடுத்துட்டாக. அதுல ஒரு கிலோ வாங்கு. வாங்கி அப்படியே கொண்டு போயிறாத. அங்கதான் எல்லாரும் கோட்ட விடுறது. உரிச்சுக் கொண்டு போ.

பெத்த வீட்டுல ஒரு நாளைக்குப் பூண்டு எம்புட்டுச் செலவாகும் தெரியுமா? கொழம்புல, ரசத்துல, பால்ல வேகவச்சு, லேகியத்துல. அம்புட்டையும் பெத்தவளோட ஆத்தா, ராத்திரிப் பூராப் பேத்தியத் தோள்ல போட்டு நடந்துட்டு, காலையில கண்ணு எரியுறப்ப ஒக்காந்து ஒவ்வொரு பல்லா உரிக்கணும். நகக்கண்ணுல காந்தும். அந்தக் கையோட புள்ளயத் தொட முடியாது, கண்ணத் தொடைக்க முடியாது. பூண்டு தின்னாப் பால் ஊறும்னு நாங்க சொல்லுவோம், புள்ள சப்பச் சப்பத்தான் ஊறும்னு ஒன் அத்த மக சொல்லுறா. ரெண்டையும் செஞ்சுட்டுப் போவமே, பூண்டுக் கொழம்புக்கு என்ன கொற? நீ ஒரு டப்பா நெறைய உரிச்ச பூண்டக் கொண்டு போயி வையி. டப்பாவத் திருப்பிக் கேக்காத. கழுவிக் குடுக்கணுமேங்கிற கவல கூட அவுகளுக்கு வரக் கூடாது.

இன்னும் ஒசத்தியாச் செய்யணும்னா, அந்தப் புள்ளயக் குளிப்பாட்ட ஒரு அம்மா வருவா பாரு, எண்ண தேச்சு, கால்ல போட்டு, சாம்பிராணி காட்டி... சாம்பிராணி வேணாங்கிறாளுக இப்ப, பொக ஆகாதாம், சரி. அவளுக்கு ஒரு மாசச் சம்பளத்த நீ குடுத்துரு. இல்ல ஒரு மாசத்துக்குத் துணி துவைக்க ஆளு வச்சுக் குடு. மொய் நோட்டுல ஏறாது, போட்டோவுல விழாது, ஒருத்தனும் ஒன்னப் புகழ மாட்டான். ஒனக்கு அது கஷ்டந்தான், தெரியும்.

போற அன்னைக்குச் சளி, இருமல் இருந்தாப் போகாத. போனதும் கையக் கழுவு. நார்மலா ஆபரேசனான்னு கேக்காத, பால் பத்துதான்னு கேக்காத, நெறம் அப்பன் மாதிரியான்னு கேக்காத. முத்தம் குடுக்காத. தூங்குற புள்ளய எழுப்பிப் பாக்காத. காப்பி போடவான்னு கேப்பாக, வேணாம்னு சொல்லு. சிங்குல பாத்திரம் கெடந்தாக் கழுவி வச்சுட்டு, அரமணி நேரத்துல கெளம்பிரு.

கரடியவும் டப்பாவையும் கடையில திருப்பிக் குடு, பில்லு வச்சிருப்ப. எறங்கி வா, முறத்த எடு. பூண்டு ரெண்டு கிலோ வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணு அந்தப் புள்ளைக்கு, ஒண்ணு எனக்கு ஊறுகாய்க்கு. என்னோடத மொதல்ல உரி.